பூனை வீட்டுப் பால்

தானியக் கிடங்கில் உதவி கேட்டு வந்த சுண்டெலி, எழுத்தர் ஆமையிடம் இரண்டு கடிதங்களை நீட்டியது.

"வேற எங்கேயும் உதவி கிடைக்கலைன்னாதான் இங்கே தானியம்னு சொன்னீங்களே, சார். எறும்பு வீட்டில் இல்லைன்னுட்டாங்க, அணில் வீட்டிலும் இல்லைன்னுட்டாங்க. பாக்கி, பூனை வீட்டு இலவசப் பால்தான். அங்கேயும் கேட்டுட்டு வரணுமா? மூணு குட்டிங்க பசியோட இருக்கு."

ஆமை நிதானமாக விதிப் புத்தகத்தைப் புரட்டியது.

"வேண்டாம்மா. பூனைப் பாலுக்கும் பாம்புப் புற்றில் தங்குறதுக்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லைன்னு போட்டிருக்கு."

"அப்பாடா! எந்தப் புண்ணியவான் சார் எழுதினது?"

"எனக்கு முன்னாடி இருந்த எலி எழுத்தர். பால் உண்மையான்னு விசாரிக்கப் போனவர், வால் இல்லாமத் திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலையா இதைத்தான் எழுதினார்" என்று சிரித்தபடியே ஆமை தானிய மூட்டையை அவிழ்த்தது.