காது மெஷின்

போதகர் மேடையேறி, "இன்றைக்கு நாம் தியானிக்கப்போவது..." என்று ஆரம்பித்ததும், இரண்டாவது வரிசையில் இருந்த அந்தப் பெண் காது மெஷினைக் கழற்றினாள்.

முதலில் இடது காது. பிறகு வலது. இரண்டையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

இப்படி இது தொடர்ந்து ஐந்தாவது ஞாயிறு.

பாட்டுக்கு மெஷின் உண்டு. அறிவிப்புக்கும் உண்டு. பிரசங்கத்துக்கு மட்டும் கிடையாது.

அன்றைய தலைப்பு 'ஆண்டவர் போதும்'. போதகர் நன்றாகவே பேசினார். முந்நூறு பேர் அசையாமல் கேட்டார்கள். வாசலில் கை கொடுத்தவர்கள் எல்லாம், "அருமை பாஸ்டர்" என்றார்கள்.

ஆனாலும் வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மாட்டியிருக்கிறதைக் கழட்டி வைக்கிறாங்கன்னா என்ன அர்த்தம்?"

மனைவி சிரித்தாள். "எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"விளையாடாத."

"முந்நூறு பேர் கேட்டாங்க இல்ல? போதாதா?"

"போதாது!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதைப் போதும் என்று பேசிவிட்டு வந்தார்?

பேச்சை மாற்ற, போனை எடுத்துப் பிரசங்க வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தார். போன வாரத்தைவிட அதிகம். அந்தச் சந்தோஷம் கை கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம், அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்கே போனார். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. இருபத்திரண்டு வருஷம் அங்கே போன் எடுத்தவள். காது மந்தமானதும், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"வாங்க பாஸ்டர். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" பயிற்சி அறையில் நாற்காலி இழுத்துப் போட்டாள். மெஷின் காதில்தான் இருந்தது.

போதகர் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த கண்டிப்பு, வாயைத் திறந்ததும் புகாராக வந்தது.

"சிஸ்டர், நான் பேசறது அவ்வளவு மோசமா இருக்கா?"

அவள் முகம் மாறியது. "மெஷினைச் சொல்றீங்களா? யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. பிரசங்கம் முடியிறவரைக்கும் உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

"அதைக் கேட்டுக்கிட்டே பண்ணக் கூடாதா?"

"பண்ணிப் பார்த்தேன். முடியல. அழுகை வந்துடுது."

"ஏன்?"

அவள் தயங்கினாள். "முகத்தைப் பார்க்காம, குரலை மட்டும் வெச்சு ஆளைப் புரிஞ்சுக்கிற வேலை எங்களுது. உங்க வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்கு பாஸ்டர். குரல்தான்... உதவி கேட்டு எங்களுக்குப் போன் பண்றவங்க குரல் மாதிரி இருக்கு."

"சேச்சே! எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் நாங்க முதல்ல வண்டி அனுப்புவோம்."

போதகர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, "பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்போ நின்னு போச்சுன்னே தெரியல சிஸ்டர்" என்றார். "முன்னெல்லாம் மேடை ஏறுறதுக்கு முந்தி முழங்கால்ல நிப்பேன். இப்போ ஜன்னல் வழியா எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எட்டிப் பார்க்கிறேன். கூட்டம் இருந்தா அன்னைக்கு மனசு நிறைஞ்ச மாதிரி இருக்கு. திங்கக்கிழமை எழுந்தா உள்ளே ஒண்ணுமே இல்ல. அவர் போதும்னு சொல்றேன். எனக்கு எதுவுமே போத மாட்டேங்குது."

அவள் முடிக்கும்வரை கேட்டாள்.

"பதினோரு வருஷம் இருக்கும் பாஸ்டர். லைன்ல என்கிட்ட பேசிக்கிட்டிருக்கும்போதே ஒருத்தர் போயிட்டார். வண்டி தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு. இந்த வேலையே வேண்டாம்னு இருந்தேன். மறுநாள் ஞாயிறு. எங்க போறதுன்னு தெரியாம உங்க சபைக்குள்ள நுழைஞ்சேன். அப்போ நாப்பது பேர்கூடக் கிடையாது."

"ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு. நம்ம கைக்கு எட்டாதவங்க பக்கத்துலயும் ஆண்டவர் நிக்கிறார்னு சொன்னீங்க. அன்னைக்குப் பிடிச்சேன் அவர் கையை. அதுக்கப்புறமும் எல்லா அழைப்பும் நல்லபடியா முடிஞ்சிடல. ஆனா ஒரு நாள்கூட வெறுமையா வீட்டுக்குப் போனதில்ல. அவர் எனக்குப் போதும்னு சும்மா சொல்லல பாஸ்டர், பதினோரு வருஷமா அவரை வெச்சுத்தான் ஓட்டறேன். அதை எனக்குக் காட்டினவர் நீங்க. உங்களுக்கு இல்லாமப் போகலாமா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"என்னன்னு ஜெபம் பண்ணுவீங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வேன்."

"இப்போ சொல்றீங்களா? நான் கேக்கணும்."

அவர் தலை குனிந்தார். போனில் முகவரி கேட்கிற அதே நிதானமான குரலில் அவள் சொன்னாள்:

"ஆண்டவரே, எங்க எல்லாருக்கும் பரிமாறிட்டு இவர் மட்டும் வாராவாரம் பட்டினியா வீட்டுக்குப் போறார். இவருக்கும் ஒரு வாய் ஊட்டும், அப்பா."