பாப்பா ரூம் நோட்டு

"பத்துப் பிள்ளைங்க அக்கா! வருஷ ஆரம்பத்துல தவழ்ந்துக்கிட்டிருந்த பத்தும் இப்ப ஓடுதுங்க. ஆனா உங்க நோட்டுல ஒண்ணு கூட முதல் அடி எடுத்து வைக்கல. என்ன, எல்லாம் பறந்து வந்து இறங்கிச்சா?"

குழந்தைகள் காப்பகம் நடத்தும் மேடத்துக்கு வருஷம் முடியப்போகிறது என்றாலே ஜுரம் கண்ட மாதிரிதான். எல்லா ரூம் நோட்டையும் வரிவரியாகப் படிப்பார். இந்த வருஷம் என்ன கிழித்தோம், வருகிற வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினால்தான் தூக்கம் வரும்.

பாப்பா ரூம் அக்கா டயாப்பர் மாற்றுவதிலேயே கவனமாக இருந்தார். பதினெட்டு வருஷமாக அவருக்கு இதே ரூம்தான்.

"பக்கத்து ரூம் டீச்சர் பிள்ளை தும்மினாக்கூட எழுதறாங்க. நீங்க? 'பால் குடித்தான். தூங்கினான். வீட்டுக்குப் போனான்.' இவ்வளவுதானா ஒரு வருஷம்?"

"எழுத்து நமக்கு வராது மேடம்."

"சாக்கு சொல்லாதீங்க!"

மேடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அடுத்த வருஷத் திட்டம். முதல் வரி: பிள்ளை முதல் அடி வைத்ததும் வீடியோ எடுத்து அம்மாவின் போனுக்கு உடனே அனுப்ப வேண்டும். இரண்டாவது வரி: பாப்பா ரூமுக்குப் புது டீச்சர், அக்காவுக்குத் துணி துவைக்கும் ரூம்.

அக்காவின் முகம் வாடிப்போனது.

"இதுங்க முகத்தைப் பார்க்காம எனக்குப் பொழுது போகாது மேடம்."

"கோபத்துல சொல்லல அக்கா. வயசாச்சு, கவனம் குறையுது. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அப்போதுதான் அது நடந்தது. அந்த ரூமில் இன்னும் நடக்காமல் பாக்கியிருந்த ஒரே ஆள், நடு வருஷத்தில் வந்து சேர்ந்த குண்டன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன், கையை விட்டான். ஆடினான். ஒண்ணு, ரெண்டு, மூணு! மேடத்தின் காகிதத்தை லபக்கென்று பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான்.

"நடந்துட்டான்! ஐயோ, நடந்துட்டான்!" மேடம் கைதட்டிக் குதித்தார். "எழுதுங்க அக்கா! என் போன் எங்க? இவங்க அம்மாவுக்கு இப்பவே சொல்லணும்!"

அக்கா அந்த போனை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். மேடத்திடம் அவர் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க மேடம். நாளைக்கு என்னை எந்த ரூமுக்கு வேணா மாத்துங்க, போறேன்."

மேடம் குண்டனின் கையிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டார்.

சாயங்காலம் குண்டனின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பஸ் கண்டக்டர். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"இன்னிக்கும் லேட்டு, மன்னிச்சுக்குங்க. என்ன பண்ணினான் அக்கா?"

"பால் குடிச்சான், தூங்கினான்" என்றார் அக்கா. "ஆனா கால் துறுதுறுங்குது. வீட்டுக்குப் போனதும் எதிர்ல உக்காந்து கையை நீட்டிக் கூப்பிட்டுப் பாருங்க. எனக்கென்னவோ இன்னிக்கே நடந்துடுவான்னு தோணுது."

மேடத்துக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் இருந்தே சத்தம்.

"அக்கா! நடந்துட்டான்! அஞ்சு அடி! நான் கூப்பிட்டேன், நேரா என்கிட்ட வந்தான்!" கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறவளுக்கு இதையெல்லாம் பார்க்கக் குடுத்து வைக்காதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான்தான் முதல்ல பார்த்தேன். வேற யாரும் இல்ல, நான்!"

"அட திருட்டுப் பயலே!" அக்கா குண்டனின் கன்னத்தைக் கிள்ளினார். "எங்களுக்கு ஒரு நாளாவது நடந்து காட்டினியாடா?"

அந்த அம்மா போனதும் மேடம் காகிதத்தை எடுத்தார். முதல் வரியை அடித்தார். இரண்டாவது வரியை அதைவிட அழுத்தி அடித்தார்.

"பதினெட்டு வருஷமாவா அக்கா?"

"இந்த ரூம்ல பிள்ளைங்க நிக்க மட்டும்தான் செய்யும் மேடம். நடக்கறதெல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் வரை போனவர் நின்றார். மெல்லத் திரும்பி வந்தார்.

"அக்கா, என் பொண்ணையும் நீங்கதானே வளர்த்தீங்க? அப்ப நான் ஆபீஸ் ரூமே கதின்னு கிடப்பேன். ஆனா அவ முதல் அடி வெச்சது என் கண்ணு முன்னாடி. எங்க வீட்டு ஹால்ல, சோபாவுல இருந்து என் மடிக்கு வந்தா. இன்னிக்கும் அதைப் பார்க்கறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கேன். அன்னிக்குச் சாயங்காலம் கிளம்பும்போதுகூட நீங்க என்னவோ சொன்னீங்களே... எதிர்ல உக்காந்து கையை நீட்டிக் கூப்பிடுங்கன்னு..."

மேடத்தின் குரல் இறங்கியது.

"அதுதானே அக்கா அவளோட முதல் அடி?"

அக்கா குண்டனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மேடத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்:

"அதுல என்ன சந்தேகம் மேடம்? அதுவரைக்கும் அவ இந்த ரூம்ல ஒரு அடி வெச்சதில்ல. சத்தியமா!"