மஞ்சளாகாத வெளிச்சம்

ஜோடி டார்ச் இன்னும் பளீரென்று வெள்ளையாகவே எரிந்துகொண்டிருந்தது.

சுரங்கத்தின் வாயில் ஒரு கல்லின் மேல் அதை நிறுத்தி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் சாமான் கிடங்கைப் பார்க்கும் ஸ்டோர்காரர். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை, மடியில் சாப்பாட்டுத் தூக்குடன். உள்ளே நடந்துகொண்டிருப்பவர் அவளுடைய கணவர்.

வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை நிறுத்திவிட்டு, மலைக்குள் போகும் அந்தச் சுரங்கத்தில் ஒற்றை ஆளாக நடந்து விரிசல் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவர்தான் பார்க்கிறார். தண்ணீரோடு வரும் வண்டல் தங்குவதற்கு நூறடிக்கு ஒரு மண்குழி. இரண்டு ஆள் ஆழம், நிறையக் கலங்கல் தண்ணீர். தாண்டிப் போக ஓரத்தில் ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்குத் திட்டு.

அவருக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர், டார்ச் கைதவறி விழுந்த அன்று, இருட்டிலேயே நாலு எட்டு வைத்தார். மூன்றாம் நாள்தான் அவரை எடுக்க முடிந்தது.

உள்ளே போகிறவர் கடிகாரம் கட்டுவதில்லை. டார்ச்தான் கடிகாரம். வெளிச்சம் மஞ்சளானால் திரும்பிவிட வேண்டும். மிச்சமிருக்கும் மங்கலில் வெளியே வந்துவிடலாம்.

அதே பேட்டரி போட்ட இன்னொரு டார்ச்சை அதே நேரத்தில் வாயிலிலும் போட்டு வைப்பார்கள். அது மஞ்சளானால் ஆள் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். அப்போதுதான் டீக்கு அடுப்பைப் பற்ற வைப்பது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு உடம்பு அலுத்தால்கூட, எனக்கு மஞ்சளாயிடுச்சுப்பா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது வழக்கம்.

இந்த வருஷம் புது டார்ச். ரீசார்ஜ் பேட்டரி. ஸ்டோர்காரர் மூன்று மாதம் ஆபீஸ் படியேறி, கெஞ்சி, சண்டையும் போட்டு வாங்கிய ஜோடி. இருக்காதா பின்னே, போவது சொந்தத் தங்கை வீட்டுக்காரர் அல்லவா! பெட்டி மேல் அச்சடித்திருந்ததைக் காலையில் மாப்பிள்ளைக்கு வாசித்துக்கூடக் காட்டினார். கடைசி நிமிஷம் வரை ஒரே வெளிச்சம். மாப்பிள்ளை அதை மலைப்பக்கம் அடித்துப் பார்த்து, அடேங்கப்பா என்று வாயைப் பிளந்தார்.

வழக்கமாக ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிவிடும். இப்போது ஒன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது. அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை. இன்றைக்கு டீ கிடைத்த மாதிரிதான் என்று வேலையாட்கள் ஸ்டோர்காரரைக் கிண்டல் செய்தார்கள். அவருக்கு அது இனித்தது. வலது பாக்கெட்டில் இருந்த கனம் தொடையில் உறுத்தியது. தள்ளி விட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.

டார்ச் அணைந்தது.

மங்கவில்லை. மஞ்சளாகவும் இல்லை. எரிந்துகொண்டே இருந்தது, பட்டென்று அணைந்துவிட்டது.

சுவிட்ச் கோளாறாக இருக்கும் என்று அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

கடைசி நிமிஷம் வரை ஒரே வெளிச்சம்.

இரண்டும் ஒரே சார்ஜரில் போட்டவை. ஒரே நேரத்தில் பச்சை காட்டியவை. காலையில் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டார்கள், அவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார்.

"மஞ்சளாகவே இல்லையே அண்ணா," என்றாள் தங்கை. "அப்போ அவர் இன்னும் உள்ளே பார்த்துதானே போய்க்கிட்டு இருப்பார்?"

என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் என்ற ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது. வேலையாள் ஒருவர் எழுந்து சுரங்கத்துக்குள் தலையை நீட்டி உரக்கக் கூப்பிட்டார். அவர் குரல்தான் திரும்பி வந்தது. ஒன்றரை மணி நேரம் நடந்து போனவருக்கு எங்கே கேட்கப் போகிறது?

அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

"எதுக்கு இப்படிப் பதறுறே? துணைக்கு அந்தச் சின்ன டார்ச் இருக்குமே. அது இல்லாம அவர் ஒரு நாளாவது உள்ளே போயிருக்காரா?"

போனதில்லை. பழைய ஆள் செத்த நாளிலிருந்து, பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போனதில்லை.

காலையில் சுரங்க வாயில் மாப்பிள்ளையின் தோள்பையிலிருந்து அதை வெடுக்கென்று உருவியது ஸ்டோர்காரர்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் கிழிந்த சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டா போவான் என்று கேட்டார். தங்கை அப்போது வந்திருக்கவில்லை; அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும்தான் சிரித்தார், கையை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார்.

உள்ளே ஓட வேண்டும். குழி ஓரம் கால் வைக்க இனி இருக்கிற வெளிச்சம் அது ஒன்றுதான். அதைத் தங்கையின் கண் முன்னால்தான் எடுத்தாக வேண்டும்.

பாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுத்தார்.

விரிசல் விட்ட கழுத்தில் நீல டேப் சுற்றிய சின்ன டார்ச். போன வருஷம் அவள் கையால் சுற்றிய டேப்.

அவள் அதைப் பார்த்தாள். தூக்கை மடியிலிருந்து எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தாள்.

ஸ்டோர்காரர் சுரங்கத்தின் பக்கம் திரும்பி சுவிட்சைத் தள்ளினார்.

மஞ்சளாக எரிந்தது.