மூட்டைப்பூச்சி இல்லாத அறை

“அண்ணாச்சி, இந்த மெத்தையில யாரு படுத்துக் கெடந்தா? மூட்டைப்பூச்சி நாத்தம் வாசல் வரைக்கும் வருதே!”

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அம்பாசமுத்திரத்திலிருந்து காலை ரயிலில் தனியாக வந்து இறங்கியவள். ரயில் வந்த புதிது. பெண்பிள்ளை தனியாக ஏறுவதே ஊருக்கு அதிசயம். நெல்லையப்பர் கோயில் பக்கத்து விடுதியில் மாடி அறையை எடுத்தவள், வந்த கால் ஆறுவதற்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

விடுதிக்காரர் சங்கிலிபூதத்தானுக்குச் சுருக்கென்றது. “முந்தாநாளு ஒரு வக்கீலு தங்கிட்டுப் போனாரு தாயி. அவரு ஒண்ணும் சொல்லலியே?”

“வக்கீலுக்குத் தோலு தடிச்சிருக்கும். ஒரு வாளி வெந்நி கொண்டாங்க. சீமெண்ணெயும் வேணும்.”

கட்டில் வெளியே வந்தது. அதன் இடுக்கெல்லாம் வெந்நீரை ஊற்றி, கோழி இறகால் சீமெண்ணெய் தடவினாள். மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டுக் கம்பால் அடித்தாள். ஊரில் வாந்திபேதி வேறு. பானைத் தண்ணீரை மோந்து பார்த்து, பிடிக்காமல் கவிழ்த்தாள். பிறகு தரையைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

“இம்புட்டுத் தேய்க்கியே, கலெக்டரா வாராரு?”

“எங்க வீட்டுக்காரவுக வாராக. ரெண்டு பேரு, ஒரு ராத்திரி.” தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “ஒரு பூச்சி கடிச்சாலும் என்னைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவாகளாம். சொல்லித்தான் விட்டிருக்காக. அண்ணன் பொண்டாட்டி போன தடவையே இனிமே நடை ஏறாதேன்னுட்டா. அப்புறம் நான் எங்கன போக?”

அடப்பாவி மனுஷா! ஒரு மூட்டைப்பூச்சிக்குப் பெண்டாட்டியைத் தள்ளி வைப்பானா ஒருத்தன்? சங்கிலிபூதத்தான் தாமே துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் மெத்தையை விரித்துவிட்டு, “கதவைச் சாத்துங்க அண்ணாச்சி. நான் கொஞ்சம் படுத்துப் பாக்குதேன். இருட்டுல மனுஷச் சூடு பட்டாத்தான் மிச்சம் மீதி வெளிய வரும்” என்றாள்.

எழுந்து வந்தபோது கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக இருந்தது. மறுபடியும் வெந்நீர், மறுபடியும் சீமெண்ணெய். திரும்பப் போய்ப் படுத்தாள். சாயங்காலம்தான், “இப்பம் ஒண்ணும் கடிக்கலை” என்று வெளியே வந்தாள்.

சாம்பிராணி போட்டு, சலவை விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டாள். சங்கிலிபூதத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படி ஒருத்தி வாய்த்தும் மிரட்டுகிறானே!

“உன் வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு தாயி. கல்யாணம் ஆகி எத்தனை வருசம்?”

“பதினாலு.”

“பிள்ளைகுட்டி?”

“குடிக்கத் தண்ணி வைக்கலியே! நல்ல தண்ணியா ஒரு செம்பு கொண்டாங்க அண்ணாச்சி” என்று திரும்பிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் குதிரை வண்டி நின்றது. சரிகை வேட்டியுடன் கணவர் மட்டும் முதலில் மாடியேறி வந்தார். மெத்தையைத் தட்டினார், தலையணையைப் புரட்டினார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“ம், குறை ஒண்ணும் இல்ல.”

ஆவுடையம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சங்கிலிபூதத்தானுக்கும் சந்தோஷம். “அப்புறம் என்ன தாயி? ரெண்டு பேரும் சாப்பிட்டு நிம்மதியாத் தூங்குங்க” என்றார்.

அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் கணவர் படிப்பக்கம் போய், “பைய ஏறி வா” என்று குரல் கொடுத்தார். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் கல்யாண மாலையும் ஈரம் காயாத மஞ்சள் கயிறுமாக ஏறி வந்து நின்றாள்.

“புதுப்பொண்ண வெள்ளிக்கிழமை மேற்கே நம்மூருக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது, சூலம், நாங்க விடிஞ்சு வாறோம்” என்றார் கணவர் ஆவுடையம்மாளிடம். “நீ இப்பமே ரயிலைப் பிடி, ஆரத்தி கரைச்சு வைக்க வீட்டுல ஆளு வேணும்லா?”