மூட்டையின் அடி

சட்டைப்பையில் கைபேசி மறுபடியும் துடித்தது. அவன் எடுக்கவில்லை. இன்னொரு நன்றியாகத்தான் இருக்கும்.

காலையிலிருந்து நன்றிதான். கேட்காமல் கிடைக்கிற தள்ளுபடி மாதிரி, எங்கோ இடித்தது.

கணினியை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸுக்குச் சம்பளமில்லாமல் உழைக்கும் ஒரு குழு. சோதிக்க நூற்று நாற்பது மென்பொருள் பொதிகள். ஆட்கள் ஐந்து பேர். ஓட்டிப் பார்த்து ஓட்டிப் பார்த்தே கண் பூத்துப்போனது.

யோசனை சொன்னது அவன்தான். அப்பாவின் பருப்பு மண்டியில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எல்லா மூட்டையையும் கொட்டியா பார்க்கிறோம்? குலுக்கிப் போட்டுப் பத்துக்கு ஒன்று சோதிப்போம். மற்றவை சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக வெளியே போகட்டும்.

இன்று முதல் குலுக்கல்.

பில் பிரின்டருக்கான பொதி அதில் விழவில்லை.

அது அவன் செய்தது. வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்கு வேன் வாசலில் ஹாரன் அடிக்க, நிரலில் நாலு வரியை மாற்றி, சோதிக்காமல் அப்படியே அனுப்பியது. அந்தப் பழைய பிரின்டர் அவனிடம் கிடையாது. குழுவிலேயே தூத்துக்குடி ஜெசிந்தா அக்காவிடம் மட்டும்தான் உண்டு.

அக்காவின் செய்தியை மூன்று முறை படித்திருந்தான். 'நல்லாயிருப்ப தம்பி. மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் பிள்ளைய பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்.'

ஐந்து இருபது.

வாய் திறந்தால் முதல் நாளே அவன் யோசனை சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால் நாளைக்கு எத்தனை கடையில் பில் கோணுமோ.

எழுந்தான். உட்கார்ந்தான். மண்டித் தராசில் ஏறி நின்று எடை பார்த்தான். குறையவில்லை.

மண்டி வாசலில் அப்பா, விற்க வந்த கோவில்பட்டிக்காரரின் உளுந்து மூட்டையில் மாதிரி எடுக்கும் குத்தூசியைச் செருகி உருவினார். உள்ளங்கையில் முத்து முத்தாக உளுந்து. கோவில்பட்டிக்காரர் முகம் மலர்ந்தது.

"கவுத்துப் போடப்பா" என்றார் அப்பா, சுமை தூக்குகிறவரிடம்.

"என்ன அண்ணாச்சி, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒங்கமேல இருக்கய்யா. மூட்டைமேலதான் இல்ல."

அடியில் குத்தினார். ஊசி வெளியே வந்ததும் கோவில்பட்டிக்காரர் இந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஐந்து நாற்பது.

அவன் குழுவில் எழுதினான்: 'பில் பிரின்டர் பொதிய நிறுத்துங்க. சோதிக்காம அனுப்பிட்டேன். ஜெசிந்தாக்கா, மன்னிச்சுக்கோங்க, பீச்சுல இருந்து வந்ததும் ஒரு தடவ ஓட்டிப் பார்க்கணும்.'

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்தே இல்லை. ஒரு படம்.

ஈர மணல். பிள்ளையின் குட்டிப் பாதம். பக்கத்தில், காற்றில் பறக்காமல் சிப்பி வைத்து அழுத்திய, சோதனைக்கு அடித்த ஒரு பில் தாள். வரிமேல் வரி ஏறிக் கிடந்தது.

மேல் மூலையில் தேதி மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது.

நேற்றையது. குலுக்கலுக்கு முந்தின நாளே அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டாள்.