ஊதிக் காட்டு

“ஊதடா.”

இளையதம்பியர் சைக்கிளைப் படலையில் சாத்திய கையோடு, கால்கூடக் கழுவாமல் மகனுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் மாடு சாய்க்கிற பூவரசந்தடி. சுமன் வாயை ஆவென்று திறந்து அப்பாவின் மூக்குக்கு நேரே ஊதினான்.

அப்பா கண்ணை மூடி, அடிவயிறு வரைக்கும் இழுத்தார். கண்ணைத் திறந்தபோது, வலையை இழுத்துப் பாசியை மட்டும் கண்டவரைப்போல முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஒண்டும் இல்லை!” என்றார் குசினிப் பக்கம் பார்த்து.

“அப்ப சந்தோசப்படுங்கோவன். ஏன் செத்தவீட்டுக் குரலில சொல்லுறியள்?” என்றா உள்ளேயிருந்து அம்மா.

ஆள் அகப்படாத கவலையாக்கும் என்று சுமன் நினைத்துக்கொண்டான். பொலிசுக்காரருக்கும் அப்படித்தானே இருக்கும்.

எல்லாம் ஒரு சட்டைப் பையால் வந்த வினை. பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் ஒளித்து நின்று சிகரட் பத்திய சுமன், பத்மாசனி ரீச்சரைக் கண்டதும் அதை நெருப்போடு பைக்குள் போட்டுவிட்டு “வணக்கம் ரீச்சர்” என்றான். “வணக்கம் இருக்கட்டும், உன்ர நெஞ்சு புகையுது” என்றார் ரீச்சர். அன்று பின்னேரமே ஓட்டை விழுந்த சட்டை அம்மாவின் கையில் இருந்தது.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வற்றாப்பளை அம்மாளின் படத்துக்கு முன்னால் தட்டை வைத்துக் கற்பூரம் கொளுத்தினா.

“இனிப் பத்தமாட்டன் எண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

தட்டில் ஏற்கனவே ஒரு கற்பூரம் எரிந்து அணைந்த கறுப்பு இருந்தது. அம்மா ஒருக்கால் ஒத்திகை பார்த்திருக்கிறா போல என்று எண்ணியபடி சுமன் கையால் அடித்து அணைத்தான். சத்தியத்தை முறித்தால் அம்மாள் சும்மா விடமாட்டாள். அன்றிலிருந்து முகத்தில் ஒரு பருவைக் கண்டாலும் அம்மாள் அனுப்பிய அம்மை வருத்தமோ என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினான்.

அம்மாள் பிந்தினாலும் அம்மா பிந்தமாட்டா. “வற்றாப்பளைக் கோயில் பொங்கல் வரைக்கும் பாப்பன். ஒரு நாள் மணந்தாலும் வற்றாப்பளையும் இல்லை, ஒண்டும் இல்லை. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிப்போட்டு, தவிடு அள்ளச் சொல்லிச் சித்தப்பான்ர மில்லுக்கு வவுனியா பஸ் ஏத்திவிடுவன்.”

“மணந்து பாக்கிற வேலையை நான் பாக்கிறன்,” என்று அப்பா முந்திக்கொண்டார். மகன் எத்தனையாம் வகுப்பு என்று யாராவது கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற மனிதர் அவர். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. வயலில் மாட்டோடு எரிந்து விழுந்து, வரம்போடு எரிந்து விழுந்து, பொழுதுபட நேரே படலைக்கு வந்து மூக்கை நீட்டினார்.

பொங்கலுக்கு முதல்நாள்தான் வந்தது வில்லங்கம்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியவன் சுமனின் கூட்டாளி நவ்பர். அவனுடைய வாப்பா பொங்கலில் இனிப்புக் கடை போடுவார். கூட்டாளிகள் எல்லோரும் சைக்கிளில் அங்கே போவதாகப் பேச்சு. அதைக் கதைக்கக் குளக்கட்டுக்கு வந்த நவ்பர் ஒன்றைப் பத்தவைத்தான்.

“உனக்குத் தரமாட்டன் மச்சான். உங்கட அம்மாளோட எனக்கேன் கொழுவல்?” என்று சொல்லி, புகையை மரியாதையாக மற்றப் பக்கம் திருப்பித்தான் ஊதினான். காற்று மரியாதை தெரியாதது. முழுவதையும் கொண்டுவந்து சுமனின் சட்டையில் பூசிவிட்டுப் போயிற்று.

சுமன் வீட்டுக்கு ஓடி, கொய்யா மரத்தில் எட்டின இலையெல்லாம் பிடுங்கிச் சப்பினான். வாய் கயர்த்து நாக்குத் தடித்ததுதான் மிச்சம். சட்டையை மாற்ற நினைத்தபோது படலையில் சைக்கிள் மணி கேட்டது.

“ஊதடா.”

ஊதினான். அப்பாவின் புருவம் ஏறியது. “கொய்யா இலை சப்பினனீயோ? ஏன்?”

சுமனுக்கு அழுகை வந்துவிட்டது. “அம்மாளாணை நான் பத்தேல்லை அப்பா. நவ்பர்தான் பத்தினவன். நான் சும்மா பக்கத்தில நிண்டனான். சட்டையிலதான் மணக்குது.”

அப்பா குசினிப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்து வைக்கல்போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சுமன் பூவரசந்தடியை நினைத்துக் கண்ணை இறுக்கி மூடினான். பொங்கல் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, தவிட்டு மணம் இப்போதே மூக்கில் ஏறியது.

அடி விழவில்லை. தடிதான் நிலத்தில் விழுந்தது.

கண்ணைத் திறந்தால், அப்பா அவனுடைய சட்டைக் கொலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு இழுப்பு. இன்னுமொரு நீண்ட இழுப்பு.

“இஞ்சாருங்கோ, மணக்குதோ?” என்று குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஒண்டும் இல்லை!” என்று கத்திய அப்பா, மகனின் காதுக்குள் குனிந்தார். “கொம்மா உனக்கு முதல் எனக்குத்தானடா கற்பூரம் கொளுத்தினவ. சட்டையைக் கழட்டித் தந்திட்டுப் பொங்கலுக்குப் போ, மோனை.”