இரண்டாம் ஆளின் தாய்

கேசரித் தட்டோடு கமலாம்பிகை ஜெயமலரின் கதவைத் தட்டியது வாழ்த்துச் சொல்ல அல்ல. மகளுக்குக் கிடைத்த ஸ்கொலர்ஷிப்பை அவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று விளங்காமல் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்கூல் போர்ட், அந்த வருசம் தன் பள்ளிக்கூடங்களில் படித்து முடித்த பிள்ளைகளில் ஒராளுக்கு நாலு வருசப் பல்கலைக்கழகச் செலவையும் கொடுக்கிறது. முதல் பெயர் பிரதீபா. ஜெயமலர் தான் முதல் கனடாவுக்கு வந்து, பிறகு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட ஒரே மகள்.

வெள்ளிக்கிழமைக்குள் தாய் கையெழுத்து வைக்காவிட்டால் அது இரண்டாம் ஆளுக்குப் போகும்.

இரண்டாம் ஆள், கமலாம்பிகையின் மகன் ராகுலன்.

பேசாமல் இருந்தால் தானாக வீட்டுக்கு வரும். ஆனால் காரணம் தெரியாமல் வருகிறதை வைத்துக்கொண்டு மனுசி எப்படி நித்திரை கொள்வது? ஸ்காபரோவின் அந்தப் பதினாலு மாடி பில்டிங்கில் ஆர் வீட்டில் என்ன கறி என்பதை எலிவேற்றர் கதவு மூடுவதற்குள் சொல்லி முடிப்பவர் அவர்.

பெட்டை ஆரையும் பார்த்துவிட்டதோ? லொத்தர் விழுந்ததோ? இரண்டு இடத்தில் ஒஃபிஸ் கூட்டுகிறவளுக்கு என்ன லொத்தர்.

ஜெயமலர் கதவைப் பாதிதான் திறந்தாள். மீதியைக் கமலாம்பிகை திறந்துகொண்டு போனார்.

மேசையில் போர்ட்டின் கடிதம். கையெழுத்துக் கோடு வெறுமை. பக்கத்தில் மூடி கழற்றிய பேனை.

"படம் எடுத்துப் பேப்பரில போடுவினமாம், அக்கா. எங்களுக்குச் சரிவராது."

"படத்துக்குப் பயந்து படிப்பை விடுறதே?"

ஜெயமலர் பேனையை எடுத்து மூடினாள். கமலாம்பிகைக்கு முதல் இருந்த குழப்பமே பரவாயில்லை என்றாகிவிட்டது.

குசினியிலிருந்து பிரதீபாவின் குரல் வந்தது. "சின்னம்மா, அன்ரிக்கு எத்தினை சீனி?"

பிறகு குரல் இல்லை. கரண்டிச் சத்தமும் இல்லை.

பெற்ற தாயைச் சின்னம்மா என்கிற பிள்ளை எந்த ஊரில்?

அப்போதுதான் சாம்பிராணி மணத்தது. கோட் கொழுவுகிற அலுமாரியைத்தான் ஜெயமலர் சாமியறை ஆக்கியிருந்தாள். கதவு கொஞ்சம் நீங்கியிருந்தது. உள்ளே வாழையிலைத் துண்டில் வடை, மோதகம், ஒரு பைக்கற் மாரி பிஸ்கற். செத்தவர்களின் நாளில் அவர்களுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்கிற படைச்சல்.

இலைக்கு முன்னால், இரட்டைப் பின்னலும் வெள்ளை யூனிஃபோமுமாய் ஒரு சின்னப் பெட்டையின் படம். மாலை போட்டிருந்தது.

படத்தின் கீழே எழுதியிருந்த பெயரையும் பிறந்த திகதியையும் கமலாம்பிகை வாசித்தார். மேசைக் கடிதத்தைத் திரும்பிப் பார்த்தார். அதே பெயர். அதே திகதி.

படத்தில் மட்டும் இன்னொரு திகதி கூட இருந்தது. மறைவு, 1989.

அப்ப, செத்த மகளின் பெயரில் வந்திருப்பது தமக்கையின் பிள்ளை.

கமலாம்பிகை ஒரு துண்டுக் கேசரியை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். அலுமாரிக் கதவை இறுக்கிச் சாத்தினார்.

"இந்த பில்டிங்கில கதை காவுறது நான் ஒராள்தான், ஜெயமலர். கையெழுத்தை வையும்."

எலிவேற்றரில் மூன்றாம் மாடிச் செலீன் பிடித்துக்கொண்டாள். ஏனாம் வேண்டாமாம், என்னவாம் சங்கதி?

கமலாம்பிகை, மிச்சக் கேசரியை அங்கேயே விட்டு வந்த வெறுந்தட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"கேசரிக்குச் சீனி காணாதாம்."